ஒரு மூட்டை யூரியாவில் எத்தனை மோல்?

வாசகர் கேள்வி – பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை, கும்பகோணம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரி முதலாமாண்டு வேதியியலைப் பற்றியவை. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள்கள் கைக்கு வந்திருக்கும். கோபமும் கண்ணீரும் கடிதங்களில் தெரிகின்றன. வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பது ஏன், சமையல் சோடா வயிற்றுக்கு நல்லதா என்றெல்லாம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மோல் கணக்குகள் எல்லாம் போட்டுவிடுவேன் அம்மா. நிறையை மூலக்கூறு நிறையால் வகுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் வாய்மொழித் தேர்வில் "மோல் என்றால் என்ன?" என்று கேட்டபோது வாயடைத்து நின்றுவிட்டேன். அது எடையா, எண்ணிக்கையா, கன அளவா?
– பி.எஸ்சி. முதலாமாண்டு மாணவர், கும்பகோணம்

பதில்: எண்ணிக்கை, தம்பி. எடையும் அல்ல, கன அளவும் அல்ல. 2019 மே 20 முதல் அதன் வரையறையே ஓர் எண்தான்: 6.02214076 × 10²³ துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். அதற்கு முன்பு, 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணுக்கள் இருக்கின்றனவோ அத்தனை துகள்கள் என்று எழுதிவந்தோம். அந்தப் பழைய வாக்கியத்தில் கிராம் நுழைந்துகொண்டதால், மோலை ஒருவகை எடை என்றே நினைத்துக்கொண்டு பட்டம் வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

எண்ணிக்கை என்றால் தராசைத் தேடி ஏன் ஓடுகிறோம்? ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் உன் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டும் தூரம். நெல் ரகங்களைப் பற்றிய குறிப்புகளில் 'ஆயிரம் மணி எடை' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். சன்ன ரகத்துக்கு 15, 16 கிராம் வரும்; மோட்டா ரகம் என்றால் 23, 24 கிராம்கூட வரும். இரண்டிலும் மணிகள் ஆயிரம்தான். இந்த எடை தெரிந்தவருக்கு, ஒரு மூட்டையில் எத்தனை மணி என்று சொல்ல உட்கார்ந்து எண்ணும் வேலை இல்லை. எடை போட்டு வகுத்தால் முடிந்தது. மோல் நிறை இதே வேலையைத்தான் செய்கிறது. கார்பனுக்கு 12 கிராம், இரும்புக்கு 56 கிராம். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே.

ஆயிரம் போதாதா, எதற்கு இத்தனை பெரிய எண் என்று அடுத்துக் கேட்பாய். அணு அவ்வளவு சிறியது. ஒரு மோல் நெல்மணி வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் ஏறத்தாழ 80 கோடி டன் நெல்லையும் ஒன்றரைக் கோடி ஆண்டுகள் சேர்த்துவைக்க வேண்டும். ஒரு மோல் தண்ணீரோ 18 கிராம். ஒரு மடக்கில் தீர்ந்துவிடும்.

இப்போது யூரியா மூட்டைக்கு வா. இன்று விற்கும் மூட்டை 45 கிலோ. பேனாவைத் தொடாதே, முதலில் ஊகி. யூரியாவின் மோல் நிறை 60 கிராம், அதாவது நூறுக்கும் குறைவு. ஆகவே ஒரு கிலோவில் பத்து மோலுக்கு மேல் இருக்க வேண்டும், 45 கிலோவில் 450-க்கு மேல் இருக்க வேண்டும். இனிமேல் வகுக்கலாம்: 750 மோல். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள், ஆகவே 1,500 மோல் நைட்ரஜன். 14-ஆல் பெருக்கினால் 21 கிலோ. மூட்டையின் மேல் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 20.7 கிலோதான் வருகிறது. மீதி 300 கிராமை யாரும் களவாடவில்லை. சுத்தமான யூரியாவில் நைட்ரஜன் 46.6 சதவீதம். ஆலையிலிருந்து வருவதில் சிறிது ஈரமும், யூரியா மூலக்கூறுகள் இரண்டு இணைந்து உண்டாகும் பையூரெட்டும் கலந்திருக்கும். அதற்கு இடம் விட்டுத்தான் 46 என்று உறுதி கொடுக்கிறார்கள்.

22.4 லிட்டர் என்று ஒரு எண்ணையும் நீ மனப்பாடம் செய்திருப்பாய். அது வாயுக்களுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில். நம் ஊரில் 35 டிகிரி அடிக்கும் மதியத்தில் அதே ஒரு மோல் வாயு 25 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். திரவத்துக்கும் திண்மத்துக்கும் 22.4-ஐப் போட்டு வகுக்கிற விடைத்தாள்களைத் திருத்திய காலத்தில் என் சிவப்பு மையில் பெரும்பகுதி அதற்கே செலவானது.

கேள்வி: மகன் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தான். வேதியியலில் நல்ல மதிப்பெண். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். இரவு ஒரு மணிவரை உரக்கப் படிக்கிறான். என்ன படித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேறு பாடத்துக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: மாற்ற வேண்டாம் சகோதரி. பிள்ளைக்கு வேதியியல் வராமல் போகவில்லை; இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தால் திரும்ப வாங்குங்கள். முதலாமாண்டுப் பாடத்தில் பெரும்பகுதி, அதாவது மோல், அணு அமைப்பு, வேதிப் பிணைப்பு, சமநிலை, வெப்ப இயக்கவியல் எல்லாம், அந்த இரண்டு வகுப்புப் புத்தகங்களில் தமிழில் கிடக்கின்றன. முதலில் அதைப் படிக்கட்டும்; அப்புறம் கல்லூரிப் புத்தகம்.

உரக்கப் படிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்தையும் மூடிவிட்டு, அதில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு வேதியியல் தெரியாது என்று தயங்காதீர்கள், அது வசதிதான். "ஏன் அப்படி?" என்று ஒரே கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறானோ அந்த இடம்தான் மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கேட்க வேண்டிய இடம். இரவு பத்துக்கு மேல் விளக்கை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: உளுந்துக்கும் நெல்லுக்கும் தெளிக்க யூரியாவை வாளியில் கரைக்கும்போது கை சில்லென்று ஆகிறது. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது. பி.எஸ்சி. படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "வெப்பத்தை வெளியே விடும் வினைதான் தானாக நடக்கும்" என்கிறாள். அப்படியானால் யூரியா எப்படித் தானாகக் கரைகிறது?
– ஒரு விவசாயி, வலங்கைமான்

பதில்: ஐயா, தேர்வுத்தாள் தயாரிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் வாளிக்குள் கையை விட்டுக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் சொன்னது பாதி உண்மை.

யூரியா படிகத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்க ஆற்றல் செலவாகும். பிரிந்த மூலக்கூறு தண்ணீரோடு புதிய பிணைப்பு போட்டுக்கொள்ளும்போது ஆற்றல் திரும்பக் கிடைக்கும். யூரியாவில் வரவைவிடச் செலவு அதிகம். ஒரு மோலுக்குச் சுமார் 15 கிலோ ஜூல் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத் தண்ணீரும் உங்கள் கையும் கட்டுகின்றன. பத்து லிட்டர் தெளிப்பான் டாங்குக்கு 2 சதவீதக் கரைசல் என்றால் 200 கிராம் யூரியா. அதை முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தீர்கள் என்றால் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும், கைக்கு நன்றாகத் தெரியும். நேரே பத்து லிட்டரிலும் கொட்டியிருந்தால் ஒரு டிகிரி அளவே குறையும். நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

நட்டத்தில் நடக்கிற காரியம் ஏன் நடக்கிறது? படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஓர் இடம்தான். கரைசலில் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இருக்கக்கூடிய விதங்கள் பெருகுவதை என்ட்ரோபி உயர்வு என்கிறோம். ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்பதை வெப்பம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. என்ட்ரோபியின் பங்கையும் வெப்பநிலையோடு பெருக்கிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூரியாவில் அந்தப் பங்கு 15 கிலோ ஜூலை விஞ்சிவிடுகிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் சேரும்போது நிலைமை தலைகீழ்: 56 கிராம் கல்லுக்குச் சுமார் 65 கிலோ ஜூல் வெளியே வருகிறது, அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது.

மகளிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளியாகுமா, செலவாகுமா? "வெளியாகும்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். சமையல் எரிவாயுவைக் காட்டி வாதாடுவார்கள். அங்கேயும் உடைப்பதற்குச் செலவுதான். கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் புதிதாக உருவாகும் பிணைப்புகள் வலுவானவை, வரவு அங்கிருந்து வருகிறது. இந்த ஓர் இடம் தெளிவானால் வெப்ப வேதியியலில் பாதி அத்தியாயம் தெளிவாகும்.

கேள்வி: தனிம வரிசை அட்டவணையில் 118 தனிமங்களையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?
– மாணவி, வேதாரண்யம்

பதில்: வேண்டாம். முதல் 20, பிறகு தொகுதிகளின் போக்கு போதும். அதைவிட, உங்கள் ஊர் உப்பளத்துக்குப் போய்ப் பார். கடல்நீர் காயக் காய, சாப்பாட்டு உப்புக்கு முன்பே ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், படியும். மெக்னீசியம் குளோரைடு, உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் கடைசிவரை கரைந்தே கிடக்கும். கால்சியமும் மெக்னீசியமும் ஒரே தொகுதி. இரண்டும் ஏன் ஒன்றாகப் படியவில்லை? இந்தக் கேள்வியோடு அட்டவணையைத் திறந்தால் மனப்பாடம் தானே வரும்.

கேள்வி: தேங்கிய தண்ணீரில் உச்சி வெயிலில் யூரியா தூவக் கூடாது, 'பறந்து போய்விடும்' என்பார் அப்பா. ஜிப்சமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்துத்தான் தூவுவார். வகுப்பில், சமநிலையைக் கலைத்தால் அது எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் லெ ஷாட்லியே தத்துவம் நடக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– பி.எஸ்சி. மாணவி, மன்னார்குடி

பதில்: மகளே, யூரியாவை இந்த வாரம் யாரும் விடுவதாக இல்லை. உன் கேள்விக்காக மற்றவர்களுடைய பதில்களைச் சுருக்கிவிட்டேன்.

யூரியா அப்படியே பறப்பதில்லை. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை ஓரிரு நாளில் அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றிவிடும். தண்ணீரில் அம்மோனியம் அயனியும் கரைந்த அம்மோனியாவும் சமநிலையில் இருக்கும். அயனி வயலில் தங்கும். அம்மோனியா வாயு, தப்பித்துப் போகும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். முடிவு செய்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் எண் அது; ஏற ஏற அமிலத்தன்மை குறையும். பி.எச். 7-ல் ஆயிரத்தில் ஐந்தாறு பங்குதான் அம்மோனியா. 8-ல் நூற்றுக்கு ஐந்து. 9-ல் நூற்றுக்கு 36. 9.25-ல் சரிபாதி.

சரி, வயலில் பி.எச்.-ஐ யார் ஏற்றுகிறார்கள்? வயல் தண்ணீரின் மேல் பச்சையாகப் படர்ந்திருக்குமே, பாசி, அதுதான். வெயில் ஏற ஏறப் பாசி தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்கிறது. அமிலம் தரும் பொருள் குறைந்தால் பி.எச். எந்தப் பக்கம் நகரும்? கணக்குப் போடாமல் சொல். மேலே. பிற்பகலில் 9-ஐத் தாண்டுவதும் உண்டு. இரவில் பாசி மூச்சு விடும்போது திரும்ப இறங்கும். உன் அப்பா உச்சி வெயிலை வேண்டாம் என்பதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. காற்றடித்தால் இன்னும் மோசம். வெளியேறிய அம்மோனியாவை அது அடித்துக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்ப மேலும் அயனிகள் அம்மோனியாவாக மாறிக்கொண்டே இருக்கும். மூடிய குடுவையில் சமநிலை வரும். திறந்த வயலில் அது வரவே வராது, இழப்புதான் தொடரும்.

ஜிப்சத்தின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒன்று என்பதுதான் வேளாண்மைத் துறையினர் சொல்லும் கலவை. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அம்மோனியம் கார்பனேட்டோடு சேர்ந்தால், மிகக் குறைவாகக் கரையும் கால்சியம் கார்பனேட் படிந்துவிடும். கரைசலில் மிஞ்சுவது அம்மோனியம் சல்பேட். பி.எச்.-ஐத் தூக்கிப் பிடித்திருந்த கார்பனேட் வீழ்படிவாக வெளியேறிவிட்டதால் பி.எச். இறங்கும், சமநிலை அயனிப் பக்கம் சாயும், நைட்ரஜன் வயலில் தங்கும். கரைதிறன் பெருக்கம் (எந்த அளவுக்கு மேல் உப்பு கரையாமல் படியும் என்ற எல்லை), அமில-காரச் சமநிலை, லெ ஷாட்லியே மூன்றும் உன் அப்பாவின் களத்துமேட்டில் ஒரே குவியலில் கிடக்கின்றன. வேப்பம் பிண்ணாக்கின் பணி வேறு: அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தை அது தணிக்கிறது. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதும் அதற்காகத்தான். ஆவியாவதைத் தடுக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

லெ ஷாட்லியே 1884-ல் சொன்னதைப் பலரும் "அமைப்பு மாற்றத்தை எதிர்க்கும்" என்று ஒப்பிக்கிறார்கள். எதிர்ப்பதற்கு வேதிவினைக்கு மனமா இருக்கிறது? எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. வினைபடுபொருளுக்கு விளைபொருள் எவ்வளவு என்று இந்த நிமிடத்துச் செறிவுகளின் விகிதத்தை எழுது; சமநிலையில் அந்த விகிதம் எவ்வளவோ அதுதான் சமநிலை மாறிலி, அதோடு ஒப்பிடு; விகிதம் சிறியதென்றால் வினை முன்னே போகும், பெரியதென்றால் பின்னே. இதில் தவறான திசை சொல்ல வழியே இல்லை.

கேள்வி: ஆக்சாலிக் அமிலம் – பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் (ஒரு கரைசலைத் துளித்துளியாக இன்னொன்றில் விட்டு அளவு காணும் சோதனையில்) எனக்கு மட்டும் அளவுகள் ஒத்துவருவதில்லை. பக்கத்து மேசைக்காரனின் அளவைப் பார்த்து எழுதிவிடு என்கிறார்கள் நண்பர்கள்.
– மாணவர், மயிலாடுதுறை

பதில்: பார்த்து எழுதினால் அவனுடைய பிழை உன் நோட்டுக்கு வரும், அவ்வளவுதான் லாபம். உன் கையைக் கவனி. பியூரெட்டில், அதாவது அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில், பெர்மாங்கனேட் கருஞ்சிவப்பு ஊதாவாக நிற்கும்போது மேற்பரப்பின் அடிவளைவு தெரியாது; இந்த ஒரு கரைசலுக்கு மட்டும் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். குடுவையைச் சூடாக்கினாயா? 60, 70 டிகிரி வேண்டும். ஆவி எழுந்து, கழுத்தைப் பிடிக்கும் விரல் சுடுகிற பதம். முதல் துளி விழுந்ததும் நிறம் போகாமல் அப்படியே நிற்கும். பதறிப்போய் முடிவுநிலை வந்துவிட்டது என்று நினைக்காதே, அவசரப்பட்டு அடுத்த துளியும் விடாதே, சுழற்றிக்கொண்டு காத்திரு. நிறம் மெல்ல மறையும். மூன்றாவது நான்காவது துளி விழுந்த மாத்திரத்தில் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகி அடுத்து வருவதை வேகப்படுத்துகிறது.

குடுவையில் பழுப்பு கண்டால் கந்தக அமிலம் போதவில்லை, அல்லது மிக வேகமாக விட்டிருக்கிறாய். மாங்கனீசு டை ஆக்சைடு வந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கு. அமிலத்துக்குப் பதிலாக மேசையில் இருக்கிற ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றாதே, குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்ஸிஜனேற்றம் செய்து அளவைக் கெடுக்கும். தொடங்குமுன் இன்னொன்று: இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக் என்று தெரியுமல்லவா? இரண்டு கரைசலும் ஒரே மோலாரிட்டி (லிட்டருக்கு இத்தனை மோல்) என்றால், 20 மில்லி ஆக்சாலிக்குக்கு 20-க்கு மேலா கீழா? கீழே, 8 மில்லி. இதை முன்கூட்டிச் சொல்ல முடிந்தவன் பக்கத்து மேசையை எட்டிப் பார்க்க மாட்டான்.

கேள்வி: நான் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். மாணவர்கள் கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள், கருத்து புரிந்திருக்கிறதா என்பதுதான் சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– தஞ்சாவூர்

பதில்: எண்ணே இல்லாத கேள்வி கேளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்று சொல்கிறவர்களை எண்ணிக்கொள்ளுங்கள், காற்று என்பவர்களையும். நீராவி என்று சொல்பவர்கள் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருப்பார்கள். மூடி இறுக்கிய கண்ணாடிக் குடுவையில் கற்பூரத்தை வைத்து, அது முழுவதும் ஆவியான பிறகு குடுவையோடு எடை போட்டால் கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா? ஆவிக்கு எடை இல்லை என்று நம்புகிறவர்கள் பட்டம் பெறும் வகுப்பிலும் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது கேள்வியைத் தேர்வுத்தாளில் மதிப்பெண்ணோடு வையுங்கள்: வினிகரில் தண்ணீர் ஊற்றினால் பி.எச். ஏறுமா இறங்குமா, அயனியாகப் பிரிந்திருக்கும் அசிட்டிக் அமிலத்தின் பங்கு கூடுமா குறையுமா? இரண்டுமே கூடும். "அமிலத்தன்மை குறைகிறது, ஆனால் அதிகமாகப் பிரிகிறதா?" என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும், அந்தப் பீரியடை அதற்கே விட்டுவிடுங்கள். அலகு முடியவில்லையே என்று துறைத் தலைவர் கேட்டால், இந்தப் பத்தியைக் காட்டி என் மேல் பழியைப் போடுங்கள்.